கறையக்கா கொடுத்த பிளாஸ்மா

சலவைக்கூடத்தில் அவளைக் கறையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரை வைத்தது யார் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டுவார்கள். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மலைமலையாக வந்து குவியும் படுக்கை விரிப்புகளை உதறிப் பார்த்து, எந்தக் கறைக்கு எந்தத் தொட்டி என்று பிரித்துத் தள்ளுவது அவள் வேலை. மை பட்டது ஒரு பக்கம், துரு ஒரு பக்கம், எண்ணெய்ப் பிசுக்கு ஒரு பக்கம். மைக்கு ஊற்றுகிற மருந்து துருவை ஒன்றும் செய்யாது; துருவுக்கு ஊற்றுவது எண்ணெயைச் சீண்டாது. ரத்தம் பட்டதை மட்டும் தவறிக்கூட வெந்நீரில் போடக் கூடாது. போட்டால் ஒட்டிக்கொண்டு ஜென்மத்துக்கும் போகாது. பச்சைத் தண்ணீர்தான். புதிதாக வேலைக்குச் சேருகிற எல்லோரும் ஒரு தடவையாவது இதில் கோட்டை விடுவார்கள். கறையக்கா திட்டமாட்டாள். நல்ல மனசு என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். திட்டுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். அது அவளிடம் கையிருப்பில் இல்லை.

களைப்பு அவளோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்து வருஷக்கணக்காகிறது. காலையில் எழுந்திருக்கும்போதே சாயங்காலம் வேலை முடிந்து வந்த மாதிரி இருக்கும். அப்படியிருந்தும் கிடைக்கிற ஒரு விடுமுறை நாளில் கால் நீட்டிப் படுக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. சில வாரங்களுக்கு ஒரு முறை, அந்த நாளில் பஸ் ஏறி ரத்த வங்கிக்குப் போய்விடுவாள். அங்கே ஒரு சாய்வுக் கட்டிலில் படுக்க வைத்து, கையில் ஊசி குத்தி, பக்கத்தில் இருக்கும் இயந்திரத்தோடு குழாயை மாட்டுவார்கள். இயந்திரம் ரத்தத்தை உறிஞ்சி, மஞ்சளாக இருக்கும் பிளாஸ்மாவை மட்டும் ஒரு பையில் நிறுத்திக்கொண்டு, சிவப்பு அணுக்களை மறுபடியும் அவளுக்கே அனுப்பிவிடும். அணுக்கள் திரும்பி உடம்பில் ஏறும்போது கை சில்லிட்டுப் போகும், உதடு மரத்துப் போகும். கடைசியில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் ஒரு டம்ளர் பழச்சாறும் கொடுத்து அனுப்புவார்கள்.

சலவைக்கூடத்தில் ஒரு நாள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "தண்ணிய மட்டும் எடுத்துக்கிட்டு சிவப்ப நமக்கே திருப்பிக் குடுத்துடுவாங்க."

இஸ்திரி மேசைக்காரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நம்ம முதலாளி அதத் தலைகீழா பண்றாருக்கா. சிவப்ப அவர் எடுத்துக்கிட்டு தண்ணிய நமக்குத் திருப்பிக் குடுக்கறாரு."

கறையக்காவும் சிரித்தாள். ஆனால் அவள் பிளாஸ்மாவை மட்டும் ஏன் இப்படித் தேடித் தேடி வாங்கிக்கொள்கிறார்கள் என்று இஸ்திரி மேசைக்காரி கேட்டபோது, வண்டி வந்துவிட்டது என்று எழுந்து போய்விட்டாள். வண்டி ஒன்றும் வரவில்லை.

சொல்ல ஆரம்பித்தால் கல்யாணத்திலிருந்து சொல்ல வேண்டும். அவள் ரத்தம் நெகட்டிவ். கணவர் பஸ் டெப்போவில் மெக்கானிக்; அவர் ரத்தம் பாசிட்டிவ். பாசிட்டிவ் என்றால் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. சிவப்பு அணுக்களின் மேல் ஒரு புரதம், ஓர் அடையாளம், ஒட்டிக்கொண்டிருக்கும். நெகட்டிவ் ஆட்களுக்கு அது கிடையாது. சாகிற வரைக்கும் இந்த வித்தியாசம் தெரியாமலே குப்பை கொட்டுகிற தம்பதிகள் நிறைய. இவர்களுக்குப் பிறந்த மகள் அப்பாவைக் கொண்டு பாசிட்டிவாகப் பிறந்தாள். நல்ல குழந்தை. தொண்டை கிழிய அழுதாள்.

பிரசவத்தின்போது குழந்தையின் ரத்தத்தில் கொஞ்சம் தாயின் உடம்புக்குள் கலந்துவிடும். தாயின் உடம்பு அந்த அடையாளத்தை அதுவரை பார்த்ததில்லை. யார் இது, எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க ஆரம்பிக்கும். அந்த அடையாளத்துக்குத்தான் ஆன்டிஜென் என்று பெயர். அதற்கென்றே அளவெடுத்துச் செய்த ஆயுதம் ஒன்றை உடம்பு தயார் செய்யும், அது ஆன்டிபாடி. செய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் குழந்தை வெளியே வந்து தொட்டிலில் கிடக்கும் என்பதால் முதல் குழந்தைக்கு ஆபத்தில்லை. அடுத்ததுக்குத்தான். இதைத் தடுக்க ஓர் ஊசி இருக்கிறது. பிரசவம் ஆன மூன்று நாளைக்குள் போட்டுவிட வேண்டும். வேறு யாரோ ஒருவருடைய ஆன்டிபாடிதான் அதில் இருப்பது. உள்ளே கலந்த குழந்தையின் அணுக்களைத் தாயின் உடம்பு கவனிக்கும் முன்பே அது துடைத்து எடுத்துவிடும். கவனிக்காததை உடம்பு கற்றுக்கொள்ளாது.

பிரசவ வார்டில் இடம் இல்லை என்று மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் வந்து ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அந்த மூன்றாம் நாள், இரண்டு ராத்திரி கண் மூடாதவள், குழந்தை ஓய்ந்த நேரத்தில் அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் கூட்டிப்போக வந்தார். பாத்திரத்தை எடுத்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும்படி எடுக்கிற மனிதர். அன்றைக்கு என்னவோ பூனை மாதிரி நடந்து வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பாவம் தூங்கட்டும், ஊசிதானே, அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டார். கல்யாண வாழ்க்கையில் அவர் வலியச் செய்த கரிசனங்களில் அதுதான் பெரியது. அடுத்த வாரம் போனபோது, நேரம் கடந்துவிட்டது, இனிமேல் பலன் சந்தேகம்தான் என்று சொல்லிக்கொண்டே ஊசியைப் போட்டார்கள். பலன் இல்லை.

இரண்டாவது பையன். ஏழாம் மாதம் வயிற்றுக்குள்ளேயே அசைவு நின்றுபோனான். மூன்றாவது பெண். உடம்பெல்லாம் வீங்கி, மஞ்சள் பூத்து வந்தவள், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பகல் இருந்தாள். இரண்டுக்கும் பெயர் வைக்கவில்லை. படம் எடுக்கவில்லை. அவள் உடம்பு தயார் செய்து வைத்திருந்த ஆன்டிபாடி நச்சுக்கொடி வழியாகப் போய், குழந்தைகளின் சிவப்பு அணுக்கள் ஒவ்வொன்றிலும் அந்த அடையாளத்தைத் தேடிப் பிடித்து அழித்திருக்கிறது. அதற்குக் குழந்தை என்று தெரியாது. வெளியாள் என்று மட்டும்தான் தெரியும். யார் மேலாவது கோபப்படலாம் என்றால், கோபப்பட வேண்டிய ஆள் அவள் தோலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. அந்த நாட்களில் குளிக்கும்போது தன் உடம்பைத் தொடவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

சில வருஷம் கழித்து ரத்த வங்கியின் டாக்டரம்மா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ஒரு தாளில் கவட்டைக்குச்சி மாதிரி ஒன்றை வரைந்து, இதுதான் உங்க ஆன்டிபாடி என்றார். "இது உங்க உடம்புல நிறைய இருக்கும்மா. எந்த அடையாளத்துக்குன்னு செஞ்சதோ அத மட்டும்தான் பிடிக்கும், வேற எதையும் தொடாது. அந்த ஊசிய இதுலேர்ந்துதான் செய்யறாங்க. உங்கள மாதிரி ஆளுங்க குடுத்தாத்தான் உண்டு, ஃபாக்டரியில வடிக்க முடியாது."

கறையக்காவுக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை. மைக்கு ஊற்றுகிற மருந்து துருவைத் தொடாது. நாள் முழுக்க அவள் பார்ப்பதுதான். ஆனால் தன் இரண்டு குழந்தைகளைத் தின்ற அதே சரக்கு வேறு யாரோ பெற்றவளின் குழந்தையைக் காப்பாற்றும் என்பதை ஏற்றுக்கொள்ள அவளுக்குப் பல நாள் பிடித்தது. ஏற்றுக்கொண்ட பிறகு ஆவேசமாகத்தான் போனாள். ஜுரம் அடித்த நாளில்கூடப் போய் நின்று, திருப்பி அனுப்பப்பட்டு, அழுதுகொண்டு வந்திருக்கிறாள். வருஷங்கள் ஓட ஓட ஆவேசம் பழக்கமாயிற்று, பழக்கம் சுமையாயிற்று. முழங்கை மடிப்பில் ஊசி ஏறி ஏறி நரம்பு கட்டியாகிவிட்டது. நர்ஸ் தடவித் தடவித் தேட ஆரம்பித்துவிட்டாள்.

இந்தத் தடவை போனபோது டாக்டரம்மா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆன்டிபாடி அளவு குறைஞ்சுக்கிட்டே வருதும்மா. போன தடவையே சொல்லலாம்னு இருந்தேன். இதுக்குக் கீழ போனா எடுத்துப் பிரயோஜனமில்ல."

"ஏன் டாக்டர் குறையுது?"

"உடம்புக்கு அந்த அடையாளத்தப் பாத்து ரொம்ப வருஷம் ஆச்சில்ல. எதிரி வராத ஊருக்கு எவ்வளவு நாள்தான் காவல் போடும்? வேணும்னா ஒண்ணு பண்ணலாம். வேற ஒருத்தரோட பாசிட்டிவ் அணுக்கள கொஞ்சமா ஊசியில ஏத்தினா, உடம்பு மறுபடியும் உஷாராயிடும், அளவு ஏறிடும். நீங்க இனிமே குழந்தை பெத்துக்கப் போறதில்ல, அதனால செய்யலாம்."

"இந்த வயசுலயா?" என்று கறையக்கா சிரித்துவிட்டாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ஒரு கஷ்டமும் இருக்கு. ஏத்துற ரத்தத்துல வேற அடையாளங்களும் இருக்கும். எல்லாம் பாத்துத்தான் ஏத்துவோம், ஆனாலும் உங்க உடம்பு புதுசா இன்னும் ஒண்ணு ரெண்டுக்கு ஆன்டிபாடி செஞ்சு வச்சுக்கிட்டா, நாளைக்கு உங்களுக்கே ஒரு ஆபரேஷன்னு வந்தா சேர்ற ரத்தம் கிடைக்கிறது கஷ்டம். யோசிச்சு, அடுத்த தடவ வரும்போது சொல்லுங்க. வேணாம்னாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

வீட்டில் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். மகளுக்கு ஒரு செல்போன் கடையில் வேலை. நாள் முழுக்க வாடிக்கையாளர்களிடம் பணிந்து பேசிவிட்டு, பாக்கி கோபத்தையெல்லாம் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவருவாள். தட்டில் வைத்த கை அப்படியே நின்றது.

"வேணாம்மா. நிறுத்து. கறவை மாடா நீ? வத்திப்போச்சுன்னதும் ஊசி போட்டுக் கறக்கப் பாக்கறாங்க."

சாப்பாட்டு நேரத்தில் வாயே திறக்காத மெக்கானிக், தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "போட்டுக்கட்டுமே. நாலு குழந்தைங்க நல்லா இருக்கும்ல."

"உங்க உடம்புல ஏத்தறதா இருந்தா பேசுங்கப்பா."

கறையக்காவுக்குக் கெட்ட எரிச்சல் வந்தது. இரண்டு பேரும் அவளுக்காகத்தான் பேசினார்கள் என்று ஊர் சொல்லும். ஆனால் ஒருவராவது உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார்களா?

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது மகள் வந்து பக்கத்தில் நின்றாள். துணியை எடுத்துத் துடைக்கிற மாதிரி ஒரே டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, போன்ல படிச்சேன். முதல் குழந்தையோட ரத்தம் கலந்துதான் இது ஆரம்பிக்குமாம்."

"ஆமா."

"அது நான்தானே?"

கறையக்கா குழாயை மூடினாள். இத்தனை நாள் இந்தப் பெண் போட்ட சண்டையெல்லாம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் விளங்கியது. கூடவே, இதையும் நான்தான் தூக்கிச் சுமக்க வேண்டுமா என்ற அலுப்பும் வந்தது; அப்படி வந்ததற்காக வெட்கமும் வந்தது.

"என்னடி பேச்சு இது? நீ என்ன வேணும்னா பண்ணின? பொறந்த. பொறக்காம இருக்க முடியுமா?"

"நான் வராம இருந்திருந்தா தம்பி இருந்திருப்பான்ல."

"நீ வராம இருந்திருந்தா அவன் முதல்ல வந்திருப்பான். வந்து இதே கேள்விய அவன் கேட்டுக்கிட்டு நின்னிருப்பான், இதே டம்ளரத் தேச்சுக்கிட்டு. இந்த வீட்டுல யாராவது ஒருத்தர் என் உசிர வாங்கணும்னு எழுதியிருக்கு போல. அதக் கீழ வச்சுட்டுப் போய்ப் படு."

மகள் அழுகையும் சிரிப்புமாக அம்மாவின் தோளில் முகத்தை வைத்து அழுத்தினாள். சோப்பு நுரைக் கையால் கட்டிப்பிடிக்க முடியாமல் கறையக்கா அப்படியே நின்றாள்.

மறுநாள் காலையில் மெக்கானிக், ஒருநாளும் இல்லாத திருநாளாக, பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தார். பாதி தூரம் வந்த பிறகு ஆரம்பித்தார்.

"அன்னைக்கு நீ தூங்கிட்டு இருந்த."

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. "தெரியும்."

"எழுப்பியிருக்கணும்."

"விடுங்க. அசந்துதான் தூங்கிட்டு இருந்தேன்."

"நீ ஒவ்வொரு தடவையும் போய்ப் படுத்து குடுத்துட்டு வர்றப்ப எனக்குக் கொஞ்சம் பாரம் குறையும்." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வராத பஸ்ஸைப் பார்த்தார்.

அடப் பாவி மனுஷா என்று அவள் மனசுக்குள் கத்தினாள். இத்தனை வருஷம் என் கையில் குத்தின ஊசியில் உன் பாரமா இறங்கிக்கொண்டிருந்தது? பஸ் வந்தது, ஏறிவிட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, யாரோ கடையில் மறந்துவிட்டுப் போன மூட்டை மாதிரி அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் கோபத்தில் பாதி கரைந்து தொலைத்தது. முழுசாகக் கோபப்படவும் இந்த வீட்டில் கொடுத்து வைக்கவில்லை.

அன்று நாள் முழுக்கப் பிரிப்பு மேசையில் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. ஒருத்தி நிறுத்தச் சொல்கிறாள், ஒருத்தர் போகச் சொல்கிறார். இரண்டும் அவரவர் மனசாட்சிக்கு மருந்து. சரி, உனக்கு என்னடி வேண்டும் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். பதில் தயாராக இருந்தது: நிறுத்த வேண்டும். அந்தக் கட்டிலில் இனி ஒரு முறை படுக்க அவளுக்கு மனசும் இல்லை, நரம்பும் இல்லை. பிறகு ஏன் போதும் என்று அங்கேயே சொல்லிவிட்டு வரவில்லை? அதற்கும் பதில் இருந்தது. அதைத்தான் அவள் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாமல், தனக்கே சொல்லிக்கொள்ளாமல் வைத்திருந்தாள்.

ஒவ்வொரு முறை போகும்போதும் ரத்தத்தைச் சோதித்து அளவு சொல்வார்கள். அந்த அளவுதான் அந்த இரண்டு குழந்தைகள் இருந்தார்கள் என்பதற்கு உலகத்தில் மிச்சம் இருந்த ஒரே அத்தாட்சி. மகளால் ஆரம்பித்தது என்றாலும் அதை ஏற்றிவிட்டவர்கள் அந்த இரண்டு பேர்தான். பெயர் இல்லை, படம் இல்லை, ஒரு சட்டைகூட இல்லை. அவர்கள் வந்து போனதை அவள் ரத்தம் மட்டும் ஞாபகம் வைத்திருந்தது. அதைக் கேட்கத்தான் அவள் போய்க்கொண்டிருந்தாள். இப்போது அது குறைகிறது என்கிறார்கள். நிறுத்திவிட்டால் குறைந்து குறைந்து ஒரு நாள் ஒன்றுமே இல்லாமல் போய்விடும். ஊசி போட்டுக்கொண்டால் ஏறும். ஆனால் அது முகம் தெரியாத யாரோ ஒருவரின் ரத்தத்தைப் பார்த்து ஏறுவது. எப்படிப் போனாலும் குழந்தைகள் போய்விடுவார்கள். விரிப்புகளுக்கு நடுவே நின்று அவள் பயந்தாள். நல்ல ரத்தக் கறை ஒன்றைத் துருத் தொட்டியில் போட்டுவிட்டு, இஸ்திரி மேசைக்காரி கூப்பிட்ட பிறகுதான் கவனித்தாள்.

அடுத்த முறை போனபோது கட்டிலில் படுக்கவில்லை. டாக்டரம்மாவின் அறையில் போய், உட்காரச் சொன்ன பிறகும் நின்றுகொண்டே கேட்டாள்.

"நிறுத்திட்டா எல்லாம் போயிடுமா டாக்டர்?"

"எதும்மா?"

"அந்த ஆன்டிபாடி. ரெண்டு குழந்தைங்களால வந்தது."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. நிதானமாகத்தான் சொன்னார்.

"அளவு இன்னும் குறையும். ஒரு நாள் டெஸ்ட்ல தெரியாமகூடப் போகலாம். ஆனா போயிடாது. அந்த அடையாளத்த அப்பவே பாத்து வச்ச செல் சிலது உள்ளயே தங்கிடும்மா. ஒண்ணும் செய்யாது, சும்மா கிடக்கும். நீங்க இருக்கிற வரைக்கும் இருக்கும்."

"ஊசி போட்டு ஞாபகப்படுத்தாட்டியும்?"

"போடாட்டியும்."

கறையக்கா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்ப வேணாம் டாக்டர். போதும். எனக்கு ரொம்ப அசதியா இருக்கு."

அசதியாக இருக்கிறது என்று அவள் வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. டாக்டரம்மா எழுந்து வந்து, ஊசித் தழும்பு ஏறிய அந்தக் கையை இரண்டு கையாலும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே நர்ஸ், ஒன்றும் கொடுக்காமல் போகிறவளுக்கும் வழக்கம் போல பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினாள்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நிறுத்திட்டேன்" என்றாள். மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டு, நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல என்றாள். சொன்னவள் முகம் தெளிந்திருந்தது. கடைக்கு நேரமாயிற்று என்று பாட்டு முணுமுணுத்துக்கொண்டே கிளம்பிப் போனாள்.

மெக்கானிக் மேசை விசிறியைப் பிரித்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. தன் பாரத்தை இனி எங்கே இறக்கி வைப்பது என்று மனிதர் தவிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவள் உள்ளே போகத் திரும்பினாள். அதையும் தூங்கி எழுந்து பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தது.

"ஏம்மா," என்றார் அவர் பின்னாலிருந்து. "நிறுத்திட்டா... அதுங்க ரெண்டும் போயிடுமா?"

கறையக்கா நின்றாள். திரும்பி வந்து, தரையில் சிதறிக் கிடந்த திருகுகளை ஒதுக்கிவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போகாதாம்," என்றாள். "நானும் அதத்தான் கேட்டேன். நான் இருக்கிற வரைக்கும் இருக்குமாம்."